அறுபதைத் தாண்டினால்

பாலத்தின் இணைப்பில் இடது சக்கரம் குதித்த மறுகணம், ஸ்டியரிங் அவள் கையை உதறியது.

முதலில் ஒரு நடுக்கம். அப்புறம் வண்டியின் முன்பக்கம் முழுக்க வலிப்பு வந்ததுபோல் வெட்டி வெட்டி இழுத்தது. கண்ணாடி, கதவு, காலடித் தகரம் எல்லாம் சேர்ந்து கத்தின. இறுக்கிப் பிடித்தாள். பிடிக்கப் பிடிக்க அதிகமானது.

எதிரே பஸ்.

பிரேக்கை மிதித்தாள். அறுபது. நாற்பது. இருபது. நடைவேகத்துக்கு வந்த பிறகுதான் அடங்கியது.

பஸ் உரசாமல் போயிற்று. ஸ்டியரிங் கம்பி அடித்ததில் வலது கட்டைவிரல் வீங்கத் தொடங்கியிருந்தது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் இறங்காமலே இருந்தாள்.

தண்டபாணி சொன்ன அதே பாலம்.

தண்டபாணி அவள் புருஷன். ஒன்பது மாதம் முன்புவரை இந்த பிக்கப்பை ஓட்டியவன் அவன்தான்.

"லோடு இருந்தா ஒண்ணும் தெரியல. காலியா வந்து, அறுபதத் தாண்டி, அந்தப் பாலத்துல ஒரு குதி குதிச்சாப் போதும். பேய் புடிச்ச மாதிரி ஆடுது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். டயர் மாற்றினான். அலைன்மெண்ட் பார்த்தான். உள்ளூர் மெக்கானிக் வண்டியை எடுத்து, கடைவீதியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ஆடவில்லை. அவள் தம்பி லோடோடு ஓட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

ஒருநாள் வண்டியை வாசலில் நிறுத்தியவன் மறுபடி ஏறவில்லை. சாவியைத் தொட்டாலே அவனுக்கு வேர்த்தது.

அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் எடுத்தாள். முதல் லோடு ஏற்றிய அன்று, தம்பியும் அக்கம்பக்கத்தாரும் பார்த்து நிற்க, சீட்டில் இருந்தபடி சொன்னாள்.

"வண்டி ஆடலங்க. உங்க கைதான் ஆடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

இத்தனை நாளும் அவள் ஐம்பதைத் தாண்டியதில்லை. பொம்பளை ஓட்டினால் நிதானம் என்று மார்க்கெட்டில் மெச்சினார்கள். இன்றைக்கு ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. மிதித்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகவில்லை. உள்ளூர்ப் பட்டறைக்கும் போகவில்லை. முப்பதிலேயே உருட்டிக்கொண்டு தாராபுரம் போனாள். அவளை யாருக்கும் தெரியாத ஊர்.

மெக்கானிக் ஜலீல் பாய் அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். சிரிக்கவில்லை.

"காலியா வரும்போதுதான?" என்று மட்டும் கேட்டார்.

முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். இடது சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து அசைத்தார்.

டக். டக்.

"கிங் பின்னு தேஞ்சு கெடக்கு தங்கச்சி. சக்கரத்த ஆக்சிலோட புடிச்சு வச்சிருக்கிறதே இதுதான். இத விட்டுட்டு டயர மாத்தி என்ன புண்ணியம்?"

கழற்றி அவள் கையில் வைத்தார். உருளையான இரும்பு. ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது.

"இன்னிக்கு நேத்து தேஞ்சதில்ல இது. ரெண்டு வருசமாவது ஆடியிருக்கும். உனக்கு முன்னாடி யாரு ஓட்டுனது? அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

அவள் இரும்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லல."

புதுசு போட்டு முடிக்க மூன்று மணி நேரமாயிற்று. திரும்பும்போது பாலத்தில் எழுபதில் விட்டுப் பார்த்தாள். தொட்டில்போல் போனது.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். நீங்க சொன்னது நெசந்தாங்க. தனியாக, சத்தமாக, இரண்டு மூன்று விதமாக. ஒவ்வொரு தடவையும் வார்த்தைக்குப் பின்னாலேயே மார்க்கெட் வந்து நின்றது. டிரைவரக்கா என்று கூப்பிட்டு வழிவிடுகிறவர்கள். அவளுக்கென்று டீக்கடையில் இழுத்துப் போடும் ஸ்டூல். சொன்னால் சாவி அவன் கைக்குப் போகும். அவள் அடுப்படிக்குப் போவாள்.

வாசலில் அவன் நின்றிருந்தான்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"பஞ்சர்."

"வெரல்ல என்ன?"

"பெட்டி இடிச்சிருச்சு."

அந்த வீக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரல் அப்படி வீங்கியிருந்த நாட்கள் அவளுக்கும் மறக்கவில்லை.

"நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுமா?"

ஒன்பது மாதத்தில் முதல் தடவை. அவன் முகத்தில் ஏதோ வெளிச்சம். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சாவியைக் கொடுத்தாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

அறுபதில் பாலத்தைக் கடந்தான். ஆடவில்லை. வளைத்துத் திருப்பி, எழுபதில் வந்தான். ஆடவில்லை. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, இடது சக்கரத்தைக் குறிபார்த்து அந்த இணைப்பில் விட்டான். ஆடு, ஆடு என்று அவன் உதடு அசைவதை அவள் பார்த்தாள்.

ஒரு குதி. அவ்வளவுதான்.

ஓரமாக நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். ஸ்டியரிங்கிலிருந்து எடுத்த கைகள் இரண்டும் நடுங்கின. அவற்றையே பார்த்தான்.

"நாந்தான் போல" என்றான். "வண்டி மேல பழியப் போட்டுட்டுத் திரிஞ்சிருக்கேன்."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே ஓட்டு."

இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

சீட் காலியாக இருந்தது. கியரைத் தாண்டி அவள் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.