வாசுவுக்கு எத்தனை பிள்ளைகள்?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில், சிவகுருநாதனின் மேசைமேல் ஒரு பெண் ஆறு பள்ளிப் பைகளை வைத்தார்.

“தம்பி, குடும்ப தினத்துக்குப் பிள்ளைக்கு ஒரு பைன்னு கொடுத்தீங்களே. ‘ஸ்டோர், வாசு’ன்னு சீட்டு ஒட்டி ஆறு வந்திருக்கு. அவருக்கு ரெண்டே பிள்ளைங்க.”

பைகளுக்கான பட்டியலைத் தயாரித்தவன் சிவகுருநாதன். அதில் ஒரு தப்பு என்றால் அவனுக்குச் சோறு இறங்காது. பச்சை எழுத்துத் திரையைத் துருவிப் பார்த்தான்.

“புரிஞ்சிருச்சுக்கா. பிள்ளைங்க லிஸ்டோட இன்னொரு லிஸ்டையும் சேர்த்தேன். அதுல ஒருத்தருக்கு ரெண்டு வரி இருந்தா, ஒவ்வொரு பிள்ளையும் ரெண்டு தடவை வந்துரும். பிள்ளைங்கள முதல்ல தனியா எண்ணிட்டு, அப்புறம் சேர்க்கணும்.”

அப்படியே மாற்றி ஓட்டினான்.

“இப்பச் சரி லா. மூணு.”

“இன்னும் ஒன்னு கூடுது, தம்பி.”

“இருக்காதுக்கா. பேரோட இருக்கு, பாருங்க.” பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினான்.

மூன்றாவது பெயரை அவர் இரண்டு முறை வாசித்தார்.

“அந்த இன்னொரு லிஸ்ட் என்னது?”

“மருத்துவ அட்டைக்கு எடுத்த மனைவி லிஸ்ட். எல்லாருக்கும் ஒரு வரி, இவருக்கு மட்டும் ரெண்டு. மீனாட்சி, சந்திரிகா. அதான் குழப்பம். நீங்க எந்த செக்ஷன்க்கா?”

“நான் மீனாட்சி. நான் பெத்தது ரெண்டுதான்.”

சிவகுருநாதனின் கை திரையை அணைக்கப் போனது. அவர் தடுத்தார்.

“இருங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் இப்ப எந்த ஷிப்ட்டுன்னு அது சொல்லுமா?”