தடம் விடாத பக்கம்

“இதை நிறுத்திடலாம். நான் ஒத்துக்க மாட்டேன்.”

சுதாராணி இப்படிச் சொன்னதும் லேப்டாப் திரையில் இருந்த முகங்கள் எல்லாம் அசையாமல் நின்றன. நெட் போய்விட்டதோ என்று ஒரு கணம் நினைத்தாள். ஏற்காட்டில் அது புதிதில்லை.

“மேடம், இது உங்க ஐடியா” என்றான் சென்னையிலிருந்து விஜயகுமார். “இதுக்காக எங்க எல்லார்கூடவும் சண்டை போட்டதே நீங்கதானே?”

உண்மைதான். அவர்கள் செய்வது பிரவுசர். அதில் புதிதாக ஒரே ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டவள் அவள். வெப் பக்கம் எழுதுகிறவர் அந்த எச்.டி.எம்.எல். சொல்லைப் போட்டுவிட்டால், பக்கத்தை யார் திறந்தாலும் ஹிஸ்டரியில் தடம் நிற்காது. அடி வாங்குகிற பெண் உதவி தேடியதைப் புருஷன் போனை நோண்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஊர்ப் பெண்களுக்காக அவ்வளவு வாதாடியபோது தன் வீட்டைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

“காரணமாவது சொல்லுங்க மேடம். இன்னைக்கு விட்டா அடுத்த வெர்ஷன்ல வராது.”

“பிள்ளைங்க எதைப் பாக்குதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

சட்டென்று மைக்கை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேற்று சாயங்காலம் சேலம் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க மகள் ஹரிணியின் போனை எடுத்தாள். மகள் பிளஸ் ஒன் சேர்ந்ததும் கணவர் மாதேஸ்வரன் ஒண்டிக்கடை பஜாருக்கு அழைத்துப் போய் ஆசையாக வாங்கிக் கொடுத்த போன். மெயில் முதற்கொண்டு எல்லாவற்றையும் கடைக்காரரே போட்டுக் கொடுத்திருந்தார்.

பிரவுசரைத் திறந்தவளின் விரல் ஹிஸ்டரியில் பட்டுவிட்டது. மிளகுக் கொடி வாடல் நோய், வேர் அழுகல் என்று வரிசையாக இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஏதோ புராஜெக்ட் போலிருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போனாள். அதற்குக் கீழே ஒரு வரி: ‘வாழப் பிடிக்கவில்லையா? எங்களோடு பேசுங்கள்.’ அதற்கடுத்ததும் அதே பக்கம். அதற்கடுத்ததும்.

ராத்திரி முழுக்க மகள் பக்கத்தில் படுத்து அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். கணவரிடம் மூச்சு விடவில்லை. மகளென்றால் மாதேஸ்வரனுக்கு உயிர், தாங்க மாட்டார். காலையில் டியூஷனுக்குக்கூட அனுப்பாமல், எதிர் அறையில் கண்ணில் படுகிற மாதிரி மகளை உட்கார வைத்திருந்தாள். அவளோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புத்தகத்தில் மூழ்கியிருந்தாள்.

மேஜையில் காபித் தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. மாதேஸ்வரன்.

“ஏனுங்க, மீட்டிங்ல இருக்கறேன்” என்று கிசுகிசுத்தாள்.

“இருக்கட்டும். முடிஞ்சதும் சாப்புடு சுதா. நான் காட்டுப் பக்கம் போறேன். நாயைக் கட்டிப் போட்டிருக்கறேன், அவுத்து உட்டுறாதீங்க. பின்னாலயே வந்துரும்.”

தினமும் அவருக்கு முன்னால் ஓடுவதே அந்த நாய்தான். சுதாராணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தாள். பார்வை மகளை விட்டு நகரவில்லை.

மைக்கைப் போட்டாள். விஜயகுமார் விடுவதாக இல்லை.

“ஹெல்ப்லைன் ஆளுங்களுக்கு என்ன பதில் சொல்றது மேடம்? முதல்ல அவங்க பக்கத்துலதான் போடறதா இருந்தோம்.”

“நான் பேசிக்கறேன்” என்று லேப்டாப்பை மூடினாள். வாசலில் நாய் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அதட்டவும் அவளுக்குத் தெம்பில்லை. நேராகப் போய் மகளின் ஹெட்போனைக் கழற்றினாள்.

“கண்ணு, அம்மா திட்ட மாட்டேன். யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? மார்க்கு போனாப் போகுது சாமி. நீ இருந்தாப் போதும் எனக்கு.”

“என்னம்மா ஆச்சு உனக்கு? காலையிலிருந்தே நொம்ப ஒரு மாதிரி இருக்கற.”

ஹிஸ்டரியைத் திறந்து மகளின் போனை நீட்டினாள் சுதாராணி. வாங்கிப் பார்த்த ஹரிணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“இதெல்லாம் நான் பாக்கலம்மா.”

“பொய் சொல்லாத கண்ணு. உன் போன்லதான இருக்குது?”

“போன்தான் என்னுது. மெயில் அப்பாவோடது. கடைக்கார அண்ணன் அப்பா மெயிலையே இதுலயும் போட்டுக் குடுத்துட்டாரு. அவரு போன்ல பாக்கறதெல்லாம் இதுலயும் வருமாட்ட இருக்குது.”

பிரவுசர் செய்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தோன்றவில்லை.

“நம்ம காட்டுல மிளகு பூராவும் பட்டுப்போச்சும்மா. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. ‘இனி உங்கம்மா சம்பாத்தியத்துல உக்காந்து சாப்புடோணும்’னு நேத்துகூடச் சொல்லிச் சிரிச்சாரு.”

ஹரிணி போனைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

“அம்மா... அப்பா எங்க?”