மேலே வர அனுமதி

மண்டபம் கரையிலிருந்து படகு கிளம்புவதற்கு முன்பே, இந்திராணி போட்டிருந்த முக்குளிப்பு உடை பேச ஆரம்பித்துவிட்டது. கடலுக்கடியில் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அவளிடம் சம்மதம் கேட்டது. அவளும் கரையை வேடிக்கை பார்த்தபடி, "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீங்கள் எப்போது மேலே வர வேண்டும் என்பதை யார் முடிவு செய்வார்கள்?"

"அவரையே கேளுங்க," என்று பக்கத்திலிருந்த கணவர் கோதண்டத்தைக் கைகாட்டினாள்.

வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ யார் எதைக் கேட்டாலும், கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் தானாக வருகிற பதில் அதுதான். படகுக்காரி ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அத நீங்கதான் சொல்லணும். கீழ போனப்புறம் மாத்த முடியாது."

"அவருக்குத் தெரியாததா," என்று சிரித்தாள் இந்திராணி.

கீழே பவளப்பாறைகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் கோதண்டத்தின் பின்னாலேயே ஆழத்துக்குப் போகப்போக, அவள் காதுக்குள் ஊசி இறங்கியது போல் வலித்தது.

"காது வலிக்குது. மேல போகணும்," என்றாள்.

"உங்கள் கணவரின் அனுமதி கேட்கப்பட்டுள்ளது," என்றது உடை.

கோதண்டம் மீன்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். இந்திராணி எட்டி அவர் தோளை உலுக்கினாள். அவர் திரும்பவில்லை. அவர் குரல் மட்டும் அவள் முகமூடிக்குள் கேட்டது. பேசியது அவளிடம் அல்ல, அவள் உடையிடம்.

"அவ எங்க போனாலும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவா. கொஞ்ச நேரத்துல சரியாயிரும். இருக்கட்டும்."

அவள் காலை உதைத்து மேலே எழும்பப் பார்த்தாள்.

"சரிங்க சார்," என்றது உடை, அவள் முழங்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.