இலையில் முதலில் இனிப்பு

'கோள்விழுங்கி' தொடரின் இணைய ரசிகர் குழுவில் காலையிலிருந்தே குடுமிப்பிடிச் சண்டை. தொடரில் வரும் அந்த ராட்சத ரோபோ நம் பக்கம் வந்தால் எதை முதலில் தின்னும்? இரும்புக்காகச் செவ்வாயைத்தான் என்றார் ஒரு திருவாரூர்க்காரர். செண்பகாவுக்குப் பொறுக்கவில்லை.

"பந்தியில உக்காந்தா மொதல்ல இனிப்புதானேய்யா? நிலாதான் இனிப்பு. பூமி சோறு" என்று எழுதிப் போட்டாள். குழுவே கைதட்டியது.

தொடரை எடுத்த நிறுவனம் அதே பெயரில் நிஜமாகவே ஒரு சுரங்க ரோபோவைச் செய்து வானுக்கு அனுப்பியிருந்தது. இந்தக் குழுவில் ரசிகர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் அது கற்றுக்கொள்கிறதாம். செண்பகாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

மறுநாள் பௌர்ணமி. மொட்டைமாடியில் மகளுக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க பாரு நிலா. ஆ காட்டு."

குழந்தை வாயைத் திறக்காமல் விரலை நீட்டியது. "ம்மா, நிலாவ யாரோ கடிச்சிட்டாங்க."

செண்பகா நிமிர்ந்தாள். கடித்த அப்பளம்போல் முழுநிலவின் ஓரத்தில் ஒரு வாய் அளவு காணோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வாயும் போனது.

கையிலிருந்த சோற்றுருண்டை நழுவியது. போனை எடுத்தாள். குழுவில் அவள் எழுதியதற்குக் கீழே கோள்விழுங்கியே ஒரு பதில் போட்டிருந்தது.

"இனிப்பு நல்லாருக்குக்கா. அடுத்து சோறுதானே?"