செம்புத் தகடு

புதிதாகச் சேருகிறவர்களின் பயத்தைத் தெளிவிப்பதும் பட்டாசுக் கம்பெனி நர்ஸ் ஞானதீபத்தின் வேலைதான். எம். புதுப்பட்டியிலிருந்து வேனில் வரும் சுகிர்தாவுக்கு, வெடிமருந்தைப் பார்த்தாலே கை உதறியது. தூக்கமும் போய்விட்டது.

வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் கை வைத்து, உடம்பில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும்.

"பயத்தையும் அதுலயே இறக்கி வச்சிட்டுப் போ தாயி," என்றாள் ஞானதீபம். சும்மா தைரியத்துக்குச் சொன்னதுதான்.

மறுநாளே சுகிர்தாவின் உதறல் நின்றது. மற்ற புதுப் பெண்களும் அதேபோல் தகட்டைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். ஞானதீபத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் அவள் அந்தப் பக்கம் போனபோது, சுகிர்தா பாடிக்கொண்டே மருந்துத் தட்டைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இழுக்காத! தீப்பிடிச்சிரும்!"

"பிடிச்சா பிடிக்கட்டும் சிஸ்டர். நீங்க எதுக்குப் பயப்படுறீக?"

உள்ளே ஓடப்போன ஞானதீபம் பழக்கத்தில் தகட்டின்மேல் கை வைத்தாள். செம்பு வியர்வையில் நனைந்திருந்தது. அவள் உள்ளங்கைக்கு அடியில் அது உதறிக்கொண்டிருந்தது.