போருக்குப் போனவர்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போய்வந்த பூட்டன் சூசைரட்ணத்தின் பதக்கம் றொக்சன் வீட்டுச் சுவரில் தொங்கியது. அவருடைய இராணுவப் பதிவு அன்றுதான் லண்டனிலிருந்து போனுக்கு வந்தது.

“நாப்பத்திநாலுல பர்மாவுல செத்துட்டாருன்னு போட்டிருக்குப்பா!”

“இந்தத் தோட்டத்து லயத்துலதானடா வயசாகிச் செத்தாரு?” அப்பா சிரித்தார்.

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து வந்திருந்த அழகன் தயங்கிக் கேட்டார். “எங்க பூட்டனையும் தேடிப் பாருங்க தம்பி. அவரும் அந்த நேரத்துலதான் காணாமப் போனாரு. பொண்டாட்டி புள்ளைகள விட்டுட்டு ஓடுனவன் குடும்பம்னு எங்கள இன்னமும் ஏசுறாங்க.”

றொக்சன் பதிவின் அடுத்த வரியை வாசித்தான். “அங்க அடையாளம்: வலது கையில் பச்சை குத்திய பெயர், காளியாயி.”

“அது எங்க பூட்டி பேரு தம்பி” என்றார் அழகன். “காலையில பேரு கூப்புடுற வேலைப் பெரட்டுல ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் நிப்பாங்க. யுத்தத்துக்குமா?”

அப்பா எழுந்துபோய்ப் பதக்கத்தை மறைத்து நின்றார்.