வராதவர்கள் பதினெட்டுப் பேர்

புது மெசின் பிழைவிட்டது. பதினெட்டுப் பேர் வேலைக்கு வரவில்லை என்றது. பதினெட்டுப் பேரும் உள்ளே நின்று நண்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்காவற்றுறையில் ஒரு நண்டுக் கொம்பனி. அவித்த நண்டில் சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது தொழில். புது மனேச்சர் வாகீசன் கொழும்பில் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போனார். வரும்போது ஒரு சான்றிதழும் விரல் வைக்கிற மெசினும் கொண்டுவந்தார்.

அந்தப் பதினெட்டில் ஒருத்தி அஞ்சலா. அவள் விரலை வைத்தாள். மெசின் 'கீ' என்றது.

"துடைச்சுப்போட்டு வையும்."

"துடைச்சிட்டன் சேர். இருபது வருசம் நண்டு உடைச்ச விரல். ரேகையெல்லாம் ஓட்டோட போயிட்டுது."

"மெசின் பொய் சொல்லாது."

"நேற்றும் ரேகை விழேல்லை, இண்டைக்கும் விழேல்லை. நாளைக்கும் விழாட்டில்?"

"மூண்டு நாள் வராட்டில் வேலை இல்லை. அது கொழும்புக் கொம்பியூட்டர் செய்யிறது. என்னால ஒண்டும் ஏலாது."

"உங்கட விரல் விழுதோ, சேர்?"

"ஏன் விழாது? முதல் தரமே விழுந்தது."

விழும்தானே. பேனைக்கு மேல் பாரம் தூக்காத விரல்.

அஞ்சலா வாதாடவில்லை.

"பயிற்சியில என்ன சேர் படிப்பிச்சவை?"

மனேச்சருக்கு முகம் மலர்ந்தது. "தலைவன் எண்டால் வாயால சொல்லிக்கொண்டு நிக்கக்கூடாது. தானே முன்னுக்கு நிண்டு செய்து காட்டவேணும்."

"அப்ப வாங்கோவன். கதிரை போட்டிருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, எப்படி மறுப்பது? போய் இருந்தார். கையுறையைத் தேடினார்.

"கையுறை போட்டால் சதைக்குள்ள கிடக்கிற ஓட்டுத்துண்டு தட்டுப்படாது சேர். நாங்கள் போடுறேல்லை. இந்தாங்கோ, உங்களுக்கெண்டே பார்த்து எடுத்த நண்டு."

"நல்ல பெரிசு!" என்று சந்தோசப்பட்டார். படமும் எடுப்பித்தார்.

பின்னேரம் ஐந்து மணி வரை உடைத்தார். வெளியே போகவும் விரல் வைக்கவேண்டும்; அது விழாவிட்டால் அன்றைக்கு வரவில்லை என்றே கணக்கு. மனேச்சருக்குப் பத்து விரலும் கீறி, உப்புத் தண்ணீரில் ஊறி, வீங்கிக் கிடந்தன. பெருவிரலை வைத்தார். கீ. துடைத்து வைத்தார். கீ. ஊதி வைத்தார். கீ.

"மெசின் பொய் சொல்லாது சேர்," என்றது வரிசையில் ஒரு குரல்.

மனேச்சர் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று மெசின் கொழும்புக்கு அறிவித்தது.

நின்ற இடத்திலேயே கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். "சுத்தப் பிழையான மெசின் சேர்! உடன நிப்பாட்டவேணும். ஏழைச் சனத்தின்ர வயித்தில அடிக்க ஏலாது."

விடிய மெசின் அலுமாரிக்குள் போய்விட்டது. கையெழுத்துப் போடுகிற பழைய கொப்பி மேசைக்கு வந்தது. அஞ்சலா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். தொழிலாளரின் கஷ்டம் அறிந்த தலைவர் என்று கொழும்பு வாகீசனை மெச்சியது. அடுத்த பயிற்சியில் அவர்தான் பேசுகிறாராம்.

பேசட்டும். ஆனால் காரியத்தைச் சரியாக்கியது அவரில்லை. கூடை கூடையாகக் கிளறி, முள்ளு முற்றின ஆண் நண்டாய்ப் பொறுக்கி அவருடைய தட்டை நிரப்பிய அஞ்சலா.